நாலு வெளிநாட்டு வீரர்கள் எங்கே நிற்கிறார்கள்? இந்திய நடுக்களத்தின் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது

2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதல் 5 ஆட்டங்களில் இந்திய கால்பந்து அணி அடித்த கோல்கள் 2. வெற்றி 0. எதிரணிகள் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். 'நமக்கு ஸ்ட்ரைக்கர் இல்லை' என்பதுதான் பொதுவான புலம்பல். அதனாலதான் ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். சரி, ஸ்ட்ரைக்கர் காலுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? இதற்கான பதிலை பெங்களூரு எஃப்சியின் கதையிலிருந்து தேடலாம்.

நடுக்களத்தில் என்ன போட்டி?

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மைதானத்தின் மையத்துக்கு வரும். இரண்டு அணியிலிருந்தும் உயரமான ஆள் ஒருவர் எகிறித் தட்டுவார். அது எங்கே விழும் என்று கணித்து மற்ற மிட்ஃபீல்டர்கள் சுற்றி நிற்பார்கள். மையத்துக்கான சண்டை விதியிலேயே இருக்கிறது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

நம்ம கால்பந்தில் அந்தச் சண்டை மறைந்திருக்கும். கோல் விழுந்தால், வாங்கின அணிக்கே கிக்-ஆஃப் கிடைத்துவிடும். ஆனா கோல்கீப்பர் நீளமாக உதைக்கும்போது பாருங்கள். இருவர் தலையால் முட்டுவார்கள், பந்து எங்கேயோ தெறிக்கும். அதுதான் 'செகண்ட் பால்'. தெறிக்கும் இடத்தில் ஏற்கெனவே ஆள் நிறுத்தியிருக்கும் அணிக்கு ஆட்டம் கைக்கு வரும். ஓடிப் போய் எடுக்கிற வேகத்தைவிட, முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்கிற புத்தி இங்கே முக்கியம்.

பிஎஃப்சி அதை எப்படிச் செய்தது?

2017இல் ஐஎஸ்எல்லுக்குள் வந்தபோது பிஎஃப்சி இரண்டு வெளிநாட்டு மிட்ஃபீல்டர்களைக் கூட்டி வந்தது. ஒருவர் எரிக் பார்ட்டலு, உயரமான ஆஸ்திரேலியர். தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று வான்வழிப் பந்துகளை முட்டி வெல்வது அவர் வேலை. இன்னொருவர் ஸ்பெயினின் டிமாஸ் டெல்காடோ. வென்ற பந்தை வாங்கித் திரும்பி, அடுத்த பாஸைத் தேர்ந்தெடுப்பவர்.

முதல் சீசனிலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம். கண்டீரவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மட்டும் சென்னையின் எஃப்சியிடம் 3-2 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 17 அன்று, மும்பையில் கோவாவை 1-0 என வென்று கோப்பை. 117ஆவது நிமிடத்தில் டிமாஸ் போட்ட கார்னரை ராகுல் பேகே தலையால் உள்ளே தள்ளினார்.

இதுல என்ன சிக்கல்?

கிளப்புக்குச் சிக்கலே இல்லை. தேசிய அணிக்குத்தான் சிக்கல். ஐஎஸ்எல் தொடங்கிய 2014இல் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டினர் ஆடலாம். 2017-18இல் அது 5 ஆனது, 2021-22இல் 4. எண்ணிக்கை குறையக் குறைய, பயிற்சியாளர்கள் அந்த இடங்களை ஆட்டத்தின் முதுகெலும்புக்கு ஒதுக்கினார்கள்: சென்டர்-பேக், சென்டர் மிட்ஃபீல்ட், ஸ்ட்ரைக்கர். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியது பக்கவாட்டு இடங்கள். விங்கில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது, ஆபத்து மறுபக்கம்தான். நடுவில் நிற்பவருக்கு ஆபத்து நாலு பக்கமும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அது ஆடி ஆடித்தான் வரும்.

ஆளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2017 யு-17 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக, ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் ஜீக்சன் சிங், மணிப்பூர் மிட்ஃபீல்டர். கார்னர் போட்டவர் பெங்களூரு பையன் சஞ்சீவ் ஸ்டாலின். அதே அணியின் இன்னொரு மணிப்பூர் மிட்ஃபீல்டர் சுரேஷ் சிங் வாங்ஜம், 2019இல் பிஎஃப்சிக்கு வந்தார். ஆனா வரிசை நீளமாக இல்லை. 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் ஜீக்சன் காயத்தால் ஆடவில்லை. மூன்று ஆட்டங்கள், மூன்றும் தோல்வி, கோல் பூஜ்ஜியம். காயங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் விலகினால் அடுத்து யார் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, பிஎஃப்சியைத் தோற்கடித்த அணியே காட்டியது. 2025 ஏப்ரல் 12, கொல்கத்தா இறுதி ஆட்டம்: மோகன் பகான் 2, பிஎஃப்சி 1. அந்த சீசனில் பிஎஃப்சி நடுக்களத்தில் பெட்ரோ கபோ, ஆல்பெர்ட்டோ நோகெரா என்ற இரண்டு ஸ்பானியர்கள். மோகன் பகான் தன் வெளிநாட்டினரைப் பெரும்பாலும் தற்காப்பிலும் தாக்குதலிலும் வைத்தது. நடுவே அபுயா, சென்னையின் எஃப்சியில் வளர்ந்த அனிருத் தாபா போன்ற இந்தியர்கள். ஷீல்டு, கோப்பை இரண்டுமே அவர்களுக்கு.

இதில் ஒரு 'ஆனால்' உண்டு. நாட்டின் சிறந்த மிட்ஃபீல்டர்களை வாங்கும் பணம் எல்லா கிளப்புக்கும் இல்லை. மற்றவர்கள் வளர்த்தெடுக்க வேண்டும். வளர்க்க ஆட்டங்கள் வேண்டும்.

அந்த ஆட்டங்கள்தான் இப்போது குறைந்துவிட்டன. ஒளிபரப்பு-வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பிஎஃப்சி தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சீசனில் 14 அணிகளுக்கு மொத்தம் 91 ஆட்டங்கள், அதாவது அணிக்கு 13. முந்தைய சீசனின் லீக் சுற்றில் அணிக்கு 24. சுமாராகப் பாதி. குறுகிய சீசனில் எந்தப் பயிற்சியாளரும் 20 வயதுப் பையனை நடுவில் நிறுத்திப் பரிசோதிக்கத் தயங்குவார்.

அடுத்த முறை கண்டீரவாவுக்குப் போனால், பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். மைய வட்டத்தைச் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். தெறிக்கும் பந்து யாருக்குப் போகிறது? வாங்குவதற்கு முன் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் நாளை இந்திய ஜெர்சி போட முடியும்? மூன்றாவது கேள்விக்கான எண்ணைக் குறித்து வையுங்கள். தேசிய அணியின் அடுத்த ஸ்கோர்கார்டைப் புரிந்துகொள்ள அது உதவும்.