சூரியன் திரும்பும் நாளில் கூடுவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் காலை. எங்கள் காலனிப் பூங்காவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிப் பானை வைத்திருந்தோம். "இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான்" என்று குழந்தைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் படித்த என் பேத்தி, "இல்லை தாத்தா, டிசம்பர் 22ஆம் தேதியே திரும்பிவிட்டது. பள்ளியில் சொன்னார்கள்" என்றாள். நாலு பேர் எதிரில் எனக்குச் சுருக்கென்றது. "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அடக்கிவிட்டேன். அடுத்த பொங்கலுக்குக் கூப்பிட்டபோது, வீட்டுப்பாடம் இருக்கிறது என்று அவள் வரவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி, அதாவது மார்கழி முதல் வாரத்தில். அன்று தில்லியில் பகல் 10 மணி 19 நிமிடம்தான். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் உத்தராயணமும் மகர சங்கராந்தியும் ஒன்றாகவே வந்தன. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவங்களின் ஆண்டோ அதைவிடச் சுமார் 20 நிமிடம் குறைவு. நான் டிப்ளமா படித்து, ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஆண்டுக்கு 20 நிமிடம் தாமதமாகும் வண்டி, அதை ஈடுகட்டாமலே ஓடினால், 72 ஆண்டில் ஒரு நாள் பின்தங்கும். அப்படித்தான் இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறது.

இது புதிய செய்தியுமல்ல. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதை ஆராய்ந்தது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் பௌஷ மாதப் பிறப்பு டிசம்பர் 22தான்.

அப்படியானால் பொங்கலை டிசம்பருக்கு மாற்றலாமா? கூடவே கூடாது. பொங்கல் வெறும் வானக் கணக்கல்ல. சம்பா அறுவடையாகிப் புது நெல் வீடு வரும் காலம் தை. தில்லியில் அதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. பஞ்சாபியர் லோரி கொளுத்துவதும், அசாமியர் மாக பிஹு கொண்டாடுவதும் அதையொட்டித்தான். அந்தக் கூட்டுறவைக் கெடுத்துக்கொள்வானேன்?

என் யோசனை இதுதான்: பொங்கல் பொங்கலாக இருக்கட்டும், டிசம்பர் 22ஐயொட்டிய ஞாயிறன்றும் காலனிதோறும் கூடுவோம். ஓரிரு நாள் முன்பின்னானால் பாதகமில்லை. செலவு ஏதுமில்லை. ஒரு மீட்டர் நீளக் கோலைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, பகல் 12.20 மணியளவில் நிழலை அளக்க வேண்டும். ஏறக்குறைய 128 சென்டிமீட்டர் இருக்கும். பொங்கலன்று நண்பகலில் அதே கோலின் நிழல் 119க்கு வந்துவிடும். அந்த ஒன்பது சென்டிமீட்டரில் உத்தராயணத்தைக் குழந்தைகள் கண்ணால் பார்ப்பார்கள். பொங்கல் காலையில் மட்டும் பார்த்தால் இது புரியாது. தில்லியில் அன்று சூரியோதயம் டிசம்பர் 22ஐவிட நாலைந்து நிமிடம் தாமதம். மாலைதான் நீண்டிருக்கும்.

பழைய கணக்கைத் திருத்த வானத்தையே அளக்க வேண்டும் என்றுதான் ராஜா ஜெய்சிங் 1724இல் இங்கே ஜந்தர் மந்தரைக் கட்டினார். அந்த ஊரில் வாழும் நாம் ஒரு கோலாவது நடக்கூடாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அறைக்குள் ஹீட்டர் முன் தனியே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். ஆண்டின் நீண்ட இரவுகள் அவர்களுக்கு மேலும் நீளம். அன்றைய நண்பகல் வெயிலில் வேர்க்கடலையும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பஞ்சாபி, வங்காளிக் குடும்பங்களையும் அழைத்து, அவர்களை நடுவில் உட்காரவைப்போம்.

'எங்கள் காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள்' என்று பிள்ளைகளின் வாயை அடைத்தால், அவர்கள் கேள்வியோடு பண்டிகையையும் விட்டுவிடுவார்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். சென்ற மாதம் பேத்தியிடம், "அன்று நீ சொன்னதுதான் சரி, அம்மா, நான் அதட்டியது தவறு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி தாத்தா, அளக்க டேப் யார் கொண்டுவருவது?" என்று கேட்டாள்.