காத்திருப்போர்க்கு ஒரு சொல்

கூட்டுறவுக் கடையிலும் தபாற் கந்தோரிலும் முன் வந்தவர்க்கே முதலிடம். இந்த நியாயத்தைச் சிறு பராயம் முதல் பழகிய நாம், அதையே மனத்திற் கொண்டு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் நுழைகின்றோம். அங்கே நியாயம் வேறு. கை முறிந்து ஒரு மணி நேரமாக வாங்கில் அமர்ந்திருப்பவரைக் கடந்து, நெஞ்சு நோவுடன் அப்போதுதான் வந்தவர் உள்ளே கொண்டு செல்லப்படுகிறார். "எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை" என்ற மனக்குறை பிறப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இம்முறைக்கு வயது இருநூறுக்கு மேல். நெப்போலியனின் படையிற் சத்திர வைத்தியராக விளங்கிய லாரே என்பார், காயமுற்றோரைப் பதவி நோக்காது காயத்தின் கொடுமை நோக்கியே கவனித்தல் வேண்டும் என்றார். தளபதியாயினும் சிறு காயம் பெற்றவன் பொறுத்திருக்க வேண்டும். சாதாரண சிப்பாயாயினும் உயிருக்குப் போராடுபவன் முந்த வேண்டும். மாரடைப்பிலும் பாரிசவாதத்திலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையையும் மூளைக் கலங்களையும் அழிக்கின்றது. முறிந்த எலும்போ, நோவு மிகுந்ததாயினும், பெரும்பாலும் சற்றுப் பொறுக்கும்.

திருகோணமலை இவ்வுண்மையைக் கண்ணீரோடு கண்ட ஊர். 2009 பெப்ரவரி 10ஆம் திகதி, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில், புதுமாத்தளன் கரையிலிருந்து 240க்கு மேற்பட்ட நோயாளரும் காயமுற்றோரும் கப்பல் மூலம் நமது துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டனர். மே 9 வரை தொடர்ந்த இத்தகைய பயணங்களில், உடன் வந்த உறவினரையும் சேர்த்து, ஏறக்குறைய 14,000 பேர் கடல் வழியே வெளியேற்றப்பட்டனர். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய வைத்தியர் குழுவொன்று கள வைத்தியசாலை அமைத்தது. இவ்வாறு ஒரே வேளையிற் பலர் வந்து சேரும்போது, யாரை முதலிற் தொடுவது என்று தீர்மானிப்பதே முதற் சிகிச்சையாகின்றது.

வைத்தியசாலையை அடையும் வழி முன்னிலும் எளிதாயிருக்கின்றது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், நோயாளியைக் கிடத்திக்கொண்டு துறையிற் காத்து நிற்கும் அவலம் ஒழிந்தது. 2016இல் நாட்டின் ஒரு பகுதியில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது, அதற்கும் பணமில்லை.

இத்தனையும் பெற்ற பின் எஞ்சியிருப்பது என்ன? ஒரு சொல். வரிசை மாறுவது நியாயம். ஏன் மாறியது என்று சொல்லாதிருப்பது நியாயமன்று. "உங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டோம், உயிருக்கு ஆபத்தில்லை, உள்ளே ஒருவர் ஆபத்தில் இருக்கிறார்" என்று தாதியொருவர் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிட்டாதபோது, நல்ல சிகிச்சை பெற்றவரும் மனக்கசப்புடனேயே வீடு திரும்புகிறார். அச்சொல் நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருத்தலும் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாங்கில் அமரும் மாவட்டம் இது. தாயின் தவிப்பு வைத்தியருக்கு விளங்காமலும், வைத்தியரின் கேள்வி தாய்க்கு விளங்காமலும் கழியும் நிமிடங்கள் நோயாளியின் கணக்கிலேயே சேர்கின்றன. வைத்தியராகவும் தாதியராகவும் வர விரும்பும் மாணவர்கள், இரசாயனத்தோடு அயலவர் மொழியையும் கற்பாராக.

நமக்கும் கடமையுண்டு. மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, உடனிருந்து உதவுபவரையும் வள்ளுவர் எண்ணினார். அவர் செய்ய வேண்டுவன சில. கிளினிக் கொப்பியையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லல். நோவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சரியாகச் சொல்லல். பத்துப் பேர் வாயிலை அடைத்து நில்லாது ஒருவர் மட்டும் உள்ளே நிற்றல். காத்திருக்கையில் மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் தயங்காது உடனே தாதியிடம் அறிவித்தல். வரிசை ஒரு முறை தீர்மானிக்கப்பட்டதோடு முடிந்து விடுவதில்லை. நோய் மாறினால் வரிசையும் மாற வேண்டும்.

நம்மைக் கடந்து உள்ளே செல்பவரை நாம் பொறாமையுடன் நோக்க வேண்டியதில்லை. அவசரப் பிரிவில் முதலிடம் பெறுபவரே அங்குள்ளோருள் மிகுந்த துன்பத்தில் இருப்பவர்.