அடைப்பு தானாக வருவதில்லை



மழைக்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: "சாக்கடை அடைச்சுக்கிச்சு." பழி மழைக்கு. அடைத்தது நாம்தான்.

வடைச்சட்டியில் மிஞ்சிய எண்ணெயை சிங்கில் ஊற்றுகிறோம். அது குழாயின் உட்புறம் பிசுக்காகப் படியும். அதில் சோற்றுப் பருக்கை, டீத்தூள், தேங்காய் நார் எல்லாம் ஒட்டும். குளியலறையில் தலைமுடியும் சோப்பும் சேர்ந்து திரளும். நாப்கின், டயப்பர் கரையவே கரையாது. தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும்.

அடைத்தபின் யாரைக் கூப்பிடுகிறோம்? பாதுகாப்புக் கருவியின்றி சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அப்படியும் விஷவாயுவில் மனிதர்கள் சாகிறார்கள். "காசு கொடுக்கிறோமே" என்பதை நான் ஒரு பதிலாக ஏற்கமாட்டேன். நாம் அலட்சியமாகப் போட்டதை இன்னொருவர் கையால் அள்ள வேண்டுமா?

பெரிய செலவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சிங்கிலும் குளியலறையிலும் சல்லடை போடுங்கள். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் குப்பைக்குக் கொடுங்கள். அதையும் மீறி அடைத்தால், இயந்திரத்தோடு வருபவர்களை மட்டும் அழையுங்கள்.

இந்த வாரத்து வீட்டுப்பாடம் இதுதான். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.