அம்மா ரூமுக்கு ஒரு குட்டி டிவி

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா கடைப்பக்கம் வரமுடியல.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, "பெட்ரூமுக்கு ஒரு சின்ன டிவி வாங்கணும், பத்து பன்னெண்டாயிரத்துக்குள்ள. எது வாங்கலாம்?"னு கேட்டார். பொட்டி தட்டறவன்னாலே டிவி, ப்ரிட்ஜ், மிக்சி எல்லாத்துக்கும் அத்தாரிட்டினு ஊருக்குள்ள ஒரு நெனப்பு. 2024-ல கேட்டிருந்தா ஒரு எக்செல் ஷீட்டே அனுப்பியிருப்பேன். இப்ப ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன். "யாருக்கு?"

ஏன்னு சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2006-ல தி.மு.க. ஆட்சிக்கு வந்தப்புறம் குடுத்தாங்களே 14 இஞ்ச் இலவச கலர் டிவி, கோபிச்செட்டிபாளையத்துல எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சு. ஹால்ல ஏற்கனவே ஒண்ணு இருந்ததால இது உள்ரூமுக்குப் போச்சு. கொஞ்ச நாள்லயே அது அம்மாவோட டிவி ஆயிடுச்சு. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சுட்டு வந்து பழைய பாட்டு கேப்பாங்க. நான் காலேஜ் சேந்த வருஷம் அது புகைஞ்சு போச்சு. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டோம். வேற வாங்கல. அதுக்கப்புறம் அம்மா டிவியே பாக்கறதில்லைங்கறது எங்க யாருக்கும் உறைக்கவும் இல்ல. ஹால்ல அப்பா ஏழு மணிக்கு விவாத மேடை முன்னாடி உக்காந்தாருன்னா, பத்து மணி வரைக்கும் ரிமோட் அவர் தொடைக்கு அடியில.

2024 தீபாவளி சமயத்துல அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாயி ரூமோட இருந்தாங்க. அப்பதான் மொதமொதலா வாயத் தொறந்து கேட்டாங்க. "கண்ணு, அந்தப் பழைய பொட்டியாட்ட சின்னதா ஒண்ணு கிடைக்குமா?"

விடுவமா! பதினாலு மாடல், இருபது காலம் போட்டு ஒரு ஷீட். ஜெயிச்சது ஒரு 32 இஞ்ச் ஸ்மார்ட் டிவி. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி, ஆள் வந்து மாட்டிட்டும் போயாச்சு. "எப்படிம்மா இருக்கு?"னா, "நல்லாருக்கு கண்ணு"னாங்க. நானும் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா, டிவி மேல ஒரு துண்டு போத்தியிருக்கு.

போட்டுப் பார்த்தேன். முழிச்சு எந்திரிக்கவே முக்கால் நிமிஷம். அப்புறம் வரிசையா ஆப் படங்கள். கேபிள் பாக்கணும்னா சோர்ஸ் போயி, எச்.டி.எம்.ஐ. ஒண்ணு தேர்ந்தெடுத்து, அப்புறம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைத் தேடணும். நடுவுல கை தவறி ஒரு பட்டனை அழுத்தினா வேற ஏதோ ஓடும். ரெண்டு தடவை அப்பாவைக் கூப்பிட்டிருக்காங்க. மூணாவது தடவை அவர் சலிச்சுக்கிட்டார் போல. அதோட துண்டு.

என்னோட இருபது காலத்துல "அம்மாவால போட முடியுமா?"ங்கற காலம் இல்ல.

செட்டிங்க்ஸ்ல போயி, ஆன் பண்ணினதும் நேரா எச்.டி.எம்.ஐ.க்குப் போற மாதிரி வச்சேன். டிவி ரிமோட்ல ஆன் பட்டனை விட்டுட்டு மத்ததெல்லாம் டேப் போட்டு ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. ரெண்டு மாசமா துண்டு போத்திக் கிடந்ததுக்குக் காரணம் இந்தப் பத்து நிமிஷம்தான்னு நெனச்சா இப்பவும் சங்கடமா இருக்கு.

சரி, நண்பருக்குச் சொன்னது உங்களுக்கும்:

1. ஆறடி தூரத்துல படுத்துப் பாக்கற ரூமுக்கு 32 இஞ்ச் தாராளம். புல் எச்.டி.க்குக் கூடக் காசு குடுக்காதீங்க. 32 இஞ்ச் திரை சுமார் 71 சென்டிமீட்டர் அகலம், எச்.டி. ரெடின்னா அதுல 1366 புள்ளி. ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்குச் சொச்சம். ஆறடிக்கு அந்தப் பக்கம் நல்ல கண்ணாலயே அதைப் பிரிச்சுப் பாக்க முடியாது. கண்ணாடி போட்ட அம்மா எதுக்கு அதுக்குக் காசு குடுக்கணும்?

2. 24 இஞ்ச்சும் கிடைக்குது. நான் பார்த்த வரைக்கும் விலை வித்தியாசம் கம்மி. இடம் இல்லைன்னா மட்டும் அந்தப் பக்கம் போங்க.

3. "32-க்கு மேல போனா வரி கூட"ங்கறது பழைய கதை. 2019 ஜனவரில 32 இஞ்ச் வரைக்கும் ஜி.எஸ்.டி.யை 28-லேருந்து 18 சதவீதமாக் குறைச்சாங்க. 2025 செப்டம்பர் 22-லேருந்து அதுக்கு மேல உள்ளதுக்கும் 18தான். பெருசு வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா வரிக்காக வேண்டாம்.

4. 1 ஜி.பி. ராம் போட்ட ஸ்மார்ட் டிவி கொஞ்ச வருஷத்துல மூச்சு வாங்கும். கேபிள் மட்டும் போதும்னா சாதா டிவியே உத்தமம். பின்னாடி ஆசை வந்தா எச்.டி.எம்.ஐ.ல ஒரு ஸ்டிக் சொருகிக்கலாம். கெட்டுப் போனா ஸ்டிக்கை மட்டும் மாத்தினாப் போதும்.

5. கடையில படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேளுங்க. வயசானவங்களுக்கு வசனம் புரியணும். ஹெட்போன் குத்த ஓட்டை இருக்கான்னும் பாருங்க, ஒரே ரூம்ல இன்னொருத்தர் தூங்கணும்ல.

6. மாட்ட வர்றவர் நின்னுக்கிட்டு அவர் கண்ணு உசரத்துக்கு ஓட்டை போடுவார். விடாதீங்க. நீங்க கட்டில்ல சாஞ்சு உக்காந்து உசரத்தைச் சொல்லுங்க. மலிவு பேனல் நிறைய கீழயிருந்து பார்த்தா வெளுத்துப் போகும்.

"பெட்ரூம்ல டிவி வச்சா குடும்பம் ஆளுக்கொரு பக்கம் ஆயிடும்"னு சில பேர் சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா எங்க ஹால்ல குடும்பம் சேந்து உக்காந்ததா சொல்ற அத்தனை வருஷமும் அம்மா சமையக்கட்டுலதான் இருந்தாங்க. அப்பாவும் நானும் சேந்து உக்காந்ததைத்தான் குடும்பம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். ஒருத்தருக்குன்னு ஒரு ரிமோட் இருக்கறதுல எந்தக் குடும்பமும் பிரிஞ்சிடாது.

நண்பர் வாங்கறதும் அவர் மாமியாருக்குத்தானாம். "அப்ப அவங்களையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, ரிமோட்டை அவங்க கையில குடுத்துப் போடச் சொல்லுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். அப்புறம், "இது தோணவே இல்லியே"ன்னார். எனக்கும்தான் தோணல.

டிஸ்கி: ரிமோட்ல ஒட்டின டேப் ஒரு ஓரத்துல பிஞ்சிருக்கு. கேட்டா, "சத்தம் வக்கிற பட்டன் வேணும்னு நாந்தான் பிச்சேன், இப்ப என்ன?"ங்கறாங்க. ஒண்ணும் இல்லம்மா.