நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

தஞ்சாவூர்க்காரனுக்குக் காட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பார்கள். கேட்கட்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வயலைப் பார்த்தே வளர்ந்தவன்தான் நான். ஆனால் எங்கள் சீமைக்கும் ஒரு காடு உண்டு. காவிரியின் கடைசிக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கடலைத் தேடிப் போகிற முத்துப்பேட்டையில், உப்புச் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறதே, அந்த அலையாத்திக் காடு!

அதன் கதையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அதன் வருமானம் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட உதவியது. பிறகு காடு வனத்துறையின் கைக்கு வந்தது. பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து ஒட்ட வெட்டுவது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்று நம்புவது. 1970-கள் வரை இந்த முறைதான் நடந்தது. காகிதத்தில் பார்த்தால் பழுது சொல்ல முடியாது.

சேற்றுக்குக் காகிதம் படிக்கத் தெரியாதே! நிழல் போன சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த மண் தாழ்ந்து, தாம்பாளம் போலக் குழிந்தது. அதில் ஏறிய ஓதநீர் திரும்ப வழியின்றித் தேங்கியது. வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பில் அலையாத்தி விதைகூடப் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு இறங்கியது, பிறகு நட்டது பிழைத்தது. வடிகால் பார்த்து நாற்று நட வேண்டும் என்பது எங்கள் ஊரில் நடவுக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி!

விதிகள் திருந்தாமலில்லை. காட்டை வேறு காரியத்துக்குக் கொடுத்தால் ஈடாக மரம் நட வேண்டும் என்ற ஏற்பாடு, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வந்தது. அந்தப் பணத்தைக் கையாள 2016-இல் தனிச் சட்டம் பிறந்தது. 2023-இல் மூலச் சட்டம் திருத்தப்பட்டு, பெயரும் மாறியது. பராமரிப்புக்கும் மேற்பார்வைக்கும் ஷரத்துகள் உண்டு. ஆனால் மேடையில் முழங்குவது எது? நட்ட கணக்குதான்.

நானே ஒரு விழாவில் கன்று நட்டேன், கைதட்டினார்கள். மறு வருஷம் அதே குழியில் வேறொரு பிரமுகர் நட்டார், அவருக்கும் கைதட்டினார்கள். கணக்கில் இரண்டு மரம். குழியில் இன்று இருப்பது மழைத் தண்ணீர்.

மரமே வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விறகும் வேண்டும், கதவும் வேண்டும். நான் கேட்பது மூன்றே விஷயம். மண்ணும் நீரும் பார்க்காமல் நடவுக்கு உத்தரவு போடாதீர்கள். பணத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐந்தாம் வருஷம் நிற்கிற மரத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். எண்ணும்போது பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, அலையாத்தியும் அடிபட்டது. அடுத்த புயல் நம் புள்ளிவிவரத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

நடவு முடிந்த அன்றே கண்டுமுதல் எழுதுகிற மிராசுதாரை ஊர் என்ன சொல்லும்? அதையேதான் நானும் சொல்கிறேன்.