அகால மரணமும் அரிய கலையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எம் விடுதித் தோழர் ஒருவர் காய்ச்சலுற்றுப் பதினொரு நாள் படுத்திருந்து இறந்தார். அவர் செய்யுள் எழுதும் பழக்கமுடையவர். அவருடைய பெட்டியை ஊருக்கு அனுப்புதற்பொருட்டு ஒழுங்கு செய்தபோது நீல அட்டையிட்ட குறிப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதனுள் நிறைவுற்ற வெண்பாக்கள் 19-உம், ஈற்றடி பெறாதன 4-உம் இருந்தன. அவற்றைக் கண்டோர் பலரும் கூறியது ஒன்றே: "இவருக்குத் தம் முடிவு முன்னரே தெரிந்திருக்கின்றது, இல்லையேல் இத்தகைய பாட்டு இவ்வயதில் வருமோ?" என்பது. வேறு சிலர், அக்குறைப் பாட்டு நான்கினையும் எவரேனும் முடித்துக் கொடுத்து இம்மலரில் வெளியிடல் வேண்டும் என்றனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் ஒரே காரணத்தால் அப்பணி எம்பால் வந்து சேர்ந்தது. யாம் அதனைச் செய்திலேம். ஏன் செய்திலேம் என்பதைக் கூறவே இதனை எழுதப் புகுந்தோம்.

முதற்கண், தோழர் தம் முடிவை அறிந்திருந்தார் என்பார் அப்பாக்களைப் படித்தனரோ என ஐயுறுகின்றோம். அவற்றுள் ஐந்து அவருடைய ஊர் ஏரியைப் பற்றியன. மூன்று தங்கையின் திருமணத்திற்கு எழுதியன. ஒன்று விடுதி மோரின் நீர்மையைப் புகழ்வது. அதனைப் படித்து அந்நாளில் யாம் அனைவரும் வயிறு நோவச் சிரித்தோம். இறந்தபின் அதே பாட்டிற் சிலர் நிலையாமையைக் காண்கின்றனர். பாட்டு மாறவில்லை, படிப்பவர் கண்ணே மாறிற்று. எழுதியவன் இறந்துபட்டான் என்னும் செய்தி, அவன் எழுதிய ஒவ்வோர் எழுத்தின்மீதும் தன் நிழலைப் பின்னோக்கி வீழ்த்துகின்றது. இந்நிழலையே பலர் கலை என மயங்குகின்றனர் என்பது எம் கருத்து.

இஃது எம் தோழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. இளமையில் இறந்த கலைஞர் எல்லார்க்கும் நேர்ந்தது. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் என்பாரை எடுத்துக்கொள்வோம். அவர் 1821 பிப்ரவரி 23-இல் ரோமாபுரியில் காசநோயால் இறந்தபோது வயது 25. அவருடைய பாக்களின் இனிமைக்கு நெருங்கி வந்த மரணமே காரணம் என்பது பலர் வாய்ச்சொல். ஆயின் நாட்களை வரிசைப்படுத்திப் பார்ப்போமாக. 1804-இல், எட்டு வயதில், தந்தையை இழந்தார். அவர் குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். 1810-இல் தாய் காசநோயால் இறந்தார். கீட்ஸ் பின்னர் இலண்டன் கைஸ் மருத்துவமனையிற் பயின்று 1816-இல் மருந்தாளர் உரிமம் பெற்றார். 1818-இல் தம்பி டாம் அதே நோயுற, அருகிருந்து அவனைப் பேணினார். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் தம்பியும் மறைந்தான். புகழ்பெற்ற அவர்தம் பெரும்பாட்டுக்கள் எழுந்தது அதற்கு அடுத்த 1819-இல். அவர் தம் வாயினின்று வந்த குருதியைக் கண்டு, மருத்துவம் கற்றவராதலின் அதன் பொருளை அக்கணமே உணர்ந்தது 1820 பிப்ரவரி 3-இல்.

அதன்பின் அவர் பாடியது யாது? குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. முன்னரே எழுதியவை அவ்வாண்டு நூலாய் வந்தன, அவ்வளவே. பிறர் சாவைக் கண்டபோது பாட்டு வந்தது; தம் சாவு வாயிலில் வந்து நின்றபோது பாட்டு நின்றது. இதனை நன்கு நோக்கினால், மரணம் கவிஞனைப் பாடவைக்கின்றது என்னும் கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பது தெளிவாம்.

எமக்கு எதிராக ஒன்று கூறலாம். அதனை யாமே கூறிவிடுகின்றோம். 1818-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, தம் உள்ளத்தில் நிறைந்திருப்பதையெல்லாம் எழுதி முடிக்குமுன் இறந்துபடுவோமோ என்னும் அச்சத்தைப் பொருளாகக் கொண்டு அவர் பதினான்கடிப் பாட்டு ஒன்று எழுதியுளர். ஆதலின் அச்சம் இருந்தது உண்மை. அவ்வச்சம் அவரை விரைவுபடுத்தியதும் உண்மையாகலாம். ஆயின் பெற்றோரையும் பின்னர்த் தம்பியையும் இழந்த இளைஞன் அஞ்சுவதற்கு வருவதுரைக்கும் ஞானம் வேண்டுவதில்லை.

கீட்ஸைக் கொன்றது பத்திரிகை ஒன்றில் வந்த கடுமையான மதிப்புரையே என்னும் கதையும் நெடுநாள் வழங்கிற்று. அக்கதை ஊன்றுவதற்கு ஷெல்லி 1821-இல் எழுதிய இரங்கற்பாவும் ஒரு காரணம். கொன்றது காசநோய், மதிப்புரையன்று. ஷெல்லியும் மறு ஆண்டு ஜூலையிற் கடலில் மூழ்கி இறந்தார். கரையொதுங்கிய உடலின் சட்டைப்பையில் கீட்ஸின் நூல் இருந்தது. இதனை ஊழின் திருவிளையாடல் என்பாரும் உளர். படகிற் படிப்பதற்கு நல்ல நூலொன்றை எடுத்துச் சென்றார் என்பதே எமக்குத் தோன்றுவது.

இனி இசைவாணர்பாற் செல்வோம். வியன்னா நகரத்து ஷூபர்ட், 600-க்கும் மேற்பட்ட தனிப்பாடல்கட்கு இசையமைத்தவர், 1828 நவம்பர் 19-இல் 31 வயதில் இறந்தார். இவருடைய படைப்புக்களுள் உலகம் பெரிதும் அறிந்தது 'முற்றுப்பெறாத சிம்பொனி' எனப்படுவது. அப்பெயரைக் கேட்ட அளவில், எழுதிக்கொண்டிருந்த கையினின்று எழுதுகோலைக் காலன் பறித்தான் என்றே யாமும் முதலில் எண்ணினோம். உண்மை வேறு. அதனை அவர் எழுதத் தொடங்கியது 1822-இல். இரண்டு பகுதிகளை முடித்து மூன்றாவதைத் தொட்டு விட்டுவிட்டார். அதன்பின் ஆறு ஆண்டுகள் வாழ்ந்து வேறு பல எழுதினார். ஏட்டுப்படி நண்பர் ஒருவர் வீட்டிற் கிடந்து, 1865-இலேதான் அரங்கேறிற்று. இக்குறைக்குக் காலன் பொறுப்பல்லன். எழுதியவர் விட்டார், வைத்திருந்தவர் மறைத்தார். காலன்மேல் நாம் ஏற்றும் பழிகளுட் சில மனிதருடையனவாம்.

அவருடைய இறுதி ஆண்டை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். 1827 மார்ச்சு 26-இல் பேத்தோவன் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஷூபர்ட் தீவட்டி ஏந்திச் சென்றார். சரியாக ஓராண்டு கழித்து, அதே மார்ச்சு 26-இல், தம் படைப்புக்களை மட்டும் கொண்ட இசையரங்கு ஒன்றை நடத்தினார். அவர் வாழ்நாளில் அத்தகைய பொது அரங்கு அஃதொன்றே. பெருமரம் வீழ்ந்த இடத்தில் வெயில் படுகின்றது, சிறுகன்றுகள் நிமிர்கின்றன. கீட்ஸுக்குப்போலவே இவருக்கும் பிறர் மறைவே ஊக்கமாயிற்று என்று கருதுகின்றோம். அதன்பின் சில திங்களில், தந்திக்கருவிகள் ஐந்திற்குரிய பேரிசைப் படைப்பும், பியானோவிற்குரிய மூன்று பெரும் படைப்புக்களும் பிறந்தன. இவற்றில் மரணத்தின் குரல் கேட்கின்றது என்பர் இசை வல்லார். கேட்கலாம், 1822-ஆம் ஆண்டின் இறுதி முதலே தீராநோய் அவரைப் பற்றியிருந்தது. ஆயின் நவம்பர் 4-ஆம் நாள், அஃதாவது இறப்பதற்குப் பதினைந்து நாள் முன்னர், அவர் செய்தது யாது தெரியுமோ? ஸெஹ்டர் என்னும் ஆசிரியரிடம் சென்று எதிரிசை இலக்கணத்தில் தமக்குப் பயிற்சி போதாது என்று கூறி முதற்பாடம் கற்றார்! அடுத்த பாடத்திற்குச் செல்ல இயலவில்லை. தம் முடிவை அறிந்து விடைபெறும் மனிதன் இலக்கண வகுப்பிற் சேர்வானோ? படுக்கையிலும் அவர் தம் குளிர்காலப் பாடற்கோவையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தார். இச்செய்திகளைப் படித்த நாள்முதல் அவர்பால் எமக்குள்ள அன்பு இருமடங்காயிற்று.

நம் பாரதியார்க்கும் இதனை ஒத்ததொன்று உண்டு. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியதால் அவர் மாண்டார் என்றே இன்றும் பலர் சொல்லக் கேட்கின்றோம். அந்நிகழ்ச்சி 1921 ஜூனில். அவர் அதனின்று தேறினார். ஆடி மாதத்தில் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலைக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். தலைப்பு, மனிதனுக்கு மரணமில்லை என்பது. செப்டம்பரில் வயிற்றுநோயால் மறைந்தார். நிரம்பிய வயது 38. யானை என்றால் கதை பெரிதாகின்றது. வயிற்றுநோய் என்றால் சிறிதாகின்றது. ஆதலின் நம் மக்கள் யானையைத் தெரிந்துகொண்டனர்.

நிற்க. குறைப் பாட்டை நிறைவு செய்யும் வினாவிற்கு வருவோம். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு மோஸார்ட்டின் 'ரெக்வியம்' என்னும் இறந்தோர்க்குரிய பூசைப்பாடல். 1791-இல், வால்ஸெக் என்னும் பிரபு, மறைந்த தம் மனைவியின் நினைவுக்காகத் தம் பெயரை மறைத்து ஆளனுப்பி அதனை எழுதச் சொன்னார். பாதிக் கூலி முன்னரே கொடுக்கப்பட்டது. டிசம்பர் 5-இல் 35 வயதில் மோஸார்ட் இறந்தபோது வேலை முடியவில்லை. கண்ணீரைப் பாடும் பகுதி எட்டு அளவைகளோடு நின்றிருந்தது. பெயரில்லாத் தூதன் எமதூதனே என்றும், மோஸார்ட் தம் சாவுக்கே பாட்டெழுதினார் என்றும் பின்னர்க் கதைகள் வளர்ந்தன. மந்திரப் புல்லாங்குழல் என்னும் களிப்பு மிக்க இசைநாடகம் அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் அரங்கேறியதை அக்கதை சொல்வோர் மறந்துவிடுகின்றனர்.

அவர் மனைவி கான்ஸ்டான்ஸுக்கு இரு பிள்ளைகள், இளையவன் கைக்குழந்தை. கடனும் இருந்தது. முடித்துக் கொடுத்தாலன்றி மீதிக் கூலி வாராது. ஆதலின் ஸூஸ்மையர் என்னும் மாணாக்கர் அதனை முடித்தார். இருநூறு ஆண்டு கடந்தும் எந்த வரி ஆசிரியருடையது, எது மாணாக்கருடையது என அறிஞர் பிரித்துக்கொண்டிருக்கின்றனர். அம்மாணாக்கரை இகழ்வோர் உளர், யாம் இகழோம். பிள்ளைகளின் பாலுக்காகச் செய்த வேலையைக் கலையின் பெயரால் இகழ்வது கொடுமை.

அவ்வாறாயின் எம் தோழர் பாட்டை முடிப்பதில் இழுக்கென்ன என்று கேட்கலாம். முடிப்பது அரிதன்று. வெண்பாவின் ஈற்றடிதானே! நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றைக்கொண்டு யாப்பருங்கலக்காரிகை படித்த எவரும் அடைத்துவிடலாம். ஒருவர் அடைத்தும் விட்டார். ஏரியைப் பற்றிய குறைப்பாட்டு ஒன்றை அழகுற முடித்து, நல்ல தாளில் எழுதி, தோழரின் தந்தையார் வந்தபோது அவர் கையிற் கொடுத்தார். அப்பெரியவர் உழவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அடியடியாய் விரல் வைத்துப் படித்து முடித்து நிமிர்ந்து, "இதில் என் பிள்ளை எழுதியது எது தம்பி?" என்றார். முதல் மூன்று அடியும் என்று காட்டினோம். அவர் நான்காம் அடியின்மேற் பெருவிரலை வைத்து மறைத்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து படித்தார்.

அவ்விரலே எமக்குத் தீர்ப்பாயிற்று. ஸூஸ்மையர் முடித்தது உயிரோடிருந்தார்க்குச் சோறு தந்தது. இங்கே நான்காம் அடியால் யார்க்கும் பயனில்லை. உள்ள மூன்றடியும் மறைகின்றது. இறந்தாரைப் பற்றிய கடமை, இருப்பாரை நோக்கியே அமைதல் வேண்டும் என்பதை நம் பழம்புலவர் நன்கறிந்திருந்தனர். பாரி இறந்தபின் கபிலர் கையறுநிலை பாடியதோடு அமைந்தாரல்லர். அவன் மகளிர் இருவரையும் அழைத்துச் சென்று விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசினார். அவர்கள் மறுத்தும் அயர்ந்திலர். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனோடு உடனிருப்பேன் என்று வந்த பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என அம்மன்னன் திருப்பி அனுப்பினான். அவர் போய்ப் பின் மீண்டு வந்தபோது அவன் நடுகல்லாயிருந்தான். மன்னனோடு உடன் உயிர்நீத்த பிசிராந்தையாரின் நட்பையே எல்லாரும் புகழ்வர். பிள்ளை பிறக்கும்வரை வீட்டிற் காத்திருந்த பொத்தியாரின் அந்நாட்கள் எத்தகையனவாயிருந்திருக்கும் என எண்ணுவார் அரியர்.

டென்னிஸன், 1833-இல் 22 வயதில் மறைந்த நண்பர் ஹாலமுக்காக எழுதத் தொடங்கிய பாக்களை 1850-இல் வெளியிட்டார்; தம் பெயரும் இடாது வெளியிட்டார். இடையில் 17 ஆண்டு. எம்மிடம் ஓராண்டிற்குள் இரங்கற்பா கேட்ட நண்பர்கள் இதனைக் கருதிப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

குறைப்பாட்டு நான்கும் ஈற்றடியின்றியே இம்மலரின் பிறிதொரு பக்கத்தில் வெளிவருகின்றன. நிறைவுற்றவற்றுள் ஏழும் உடன் வருகின்றன. மோரைப் பற்றிய வெண்பா இறந்தாரின் பெருமைக்குப் பொருந்தாது, நீக்குக எனச் சிலர் கேட்டனர். நீக்கவில்லை, யாப்பிலும் அதுவே பழுதற்றது. நீல அட்டைப் புத்தகத்தைத் தந்தையார் கொண்டுசென்றார். எம்மிடமிருப்பது யாம் எழுதிக்கொண்ட படி; அதன் நான்கு பக்கங்களில் கடைசி வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கின்றோம்.