கேட்காமல் கீறிய கோடு

ரயில் வந்தால் நாகரிகம் வரும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நம்பிக்கை. பாரசீகத்தில் அந்த ரயிலைத் தடுத்தவர்கள் மலைக்குடிகள் அல்லர், வல்லரசுகள். 1890இல் கஜார் மன்னரிடம் ரஷ்யா ஓர் உறுதி வாங்கியது: பத்தாண்டுகளுக்கு ரயில்பாதை கூடாது. 1900இல் அதை நீட்டித்துக்கொண்டது. தெற்கிலிருந்து பிரிட்டிஷ் சரக்கு ஏறி வந்துவிடும் என்பது அதன் அச்சம். வடக்கிலிருந்து ஒரு பாதை இந்தியாவை நோக்கி நீளும் என்பது பிரிட்டனின் அச்சம்.

1907 ஆகஸ்டில் இருவரும் சமரசமானார்கள். வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம், தென்கிழக்கு பிரிட்டனுடையது, நடுவில் இருப்பது பொது. பாரசீகத்தின் சுதந்திரத்தை மதிப்பதாக முகவுரை வேறு எழுதினார்கள். அப்போது ஓராண்டுகூட நிறையாத பாரசீக நாடாளுமன்றமான மஜ்லிஸை யாரும் கேட்கவில்லை.

பிறகு பாரசீகத்தின் மீது வந்தது ‘ஒழுங்கின்மை’ என்ற குற்றச்சாட்டு. ஒழுங்கைக் குலைத்தவர்கள் யார்? 1908 ஜூனில் மஜ்லிஸைப் பீரங்கியால் தகர்த்த பாரசீக கோசாக் படைக்குத் தளபதி லியாகோவ் என்ற ரஷ்யர். சுங்க வருமானத்தில் பெரும்பகுதி ரஷ்யக் கடனுக்கு ஈடாகக் கிடந்தது. 1911இல் கருவூலத்தைச் சீர்செய்ய வந்த அமெரிக்கர் மார்கன் ஷஸ்டர், ரஷ்யாவின் இறுதி எச்சரிக்கையால் அதே ஆண்டு பதவிநீக்கப்பட்டார். இப்படிக் கையும் காலும் கட்டிப்போடப்பட்டுவந்த அரசிடம்தான், தென்பாதைகளைக் காக்காவிட்டால் இந்தியப் படை அதிகாரிகளின் கீழ் காவல்படை அமைப்போம் என்று 1910இலேயே பிரிட்டன் மிரட்டியிருந்தது.

1913 பிப்ரவரியில் இரு வல்லரசுகளுக்கும் ரயில்பாதையில் பங்கு கிடைத்தது. ஜுல்ஃபா–தப்ரீஸ் பாதை ரஷ்யர்களுக்கு. வளைகுடாவை ஒட்டிய மொஹம்மராவிலிருந்து கொர்ரமாபாத் வரை அளந்து பாதை போடும் உரிமை பிரிட்டிஷ் கூட்டமைப்புக்கு. தப்ரீஸுக்கு 1916இல் ரயில் வந்தது. தெற்கே லூரிஸ்தான் மலைகள் குறுக்கே நின்றன. 1904இலேயே அங்கு இரு பிரிட்டிஷ் அதிகாரிகள் தாக்கப்பட்டுக் காயமடைந்திருந்தார்கள்.

அந்த மலைகளில் வாழ்ந்த லூர் குடிகளைத் தேசபக்த வீரர்களாக்க வேண்டியதில்லை. வணிகரை மறித்து வழிப்பணம் வாங்கியவர்களும், கொள்ளையடித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அளவுக்கருவியோடு வருகிறவனுக்குப் பின்னால் படையும் வரிவசூலும் வரும் என்ற அவர்கள் சந்தேகம் வீண்போகவில்லை.

அந்தப் படை கடைசியில் லண்டனிலிருந்து வரவில்லை, தெஹ்ரானிலிருந்தே வந்தது. கஜார்களுக்குப் பின் மன்னரான ரெசா ஷாவின் ராணுவம் 1920களில் லூரிஸ்தானை அடக்கியது. நாடோடிகள் கட்டாயமாகக் குடியமர்த்தப்பட்டனர். அந்த மலைகளைக் குடைந்து 1938இல் முடிந்த 1,394 கிலோமீட்டர் பாதைக்கு அந்நியக் கடன் வாங்கவில்லை என்பது தேசியப் பெருமை. பணம் தந்தது சர்க்கரை, தேயிலை மீதான வரி, அதாவது ஏழையின் தேநீர்க் குவளை. 1941இல் பிரிட்டனும் சோவியத்தும் நாட்டுக்குள் புகுந்து, அதே பாதையில் தங்கள் போர்த்தளவாடங்களை ஏற்றின.

அந்நியன் போட்டால் அடிமைத்தனம், நம்மவர் போட்டால் முன்னேற்றம் என்ற கணக்கு இங்கே நேராகவில்லை. 1907இல் மஜ்லிஸைக் கேட்காதவர்களைக் கண்டிக்கும் நாம், பிறகு லூரிஸ்தானைக் கேட்காதவர்களையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் எதிர்ப்பது ஆதிக்கத்தை அல்ல, ஆதிக்கம் செய்பவனின் பாஸ்போர்ட்டை மட்டுமே.